செம்மண் குடித்த இரண்டு ஒய்இசட்: பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பிரித்தபோது

யமஹாவின் ஒய்இசட்250எஃப் மோட்டோகிராஸ் (மண் தடப் பந்தய) வண்டி 2001இல் வந்தபோது அதன் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 77 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 53.6 மி.மீ. 2024 மாடலின் கையேட்டைத் திறந்தாலும் அதே 77, அதே 53.6தான். இருபது வருடத்துக்கு மேலாகச் சிலிண்டர் அளவில் கை வைக்காமல், அதைச் சுற்றி இருப்பதை எல்லாம் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். என்ன மாற்றினார்கள், அதில் எது கோலாலம்பூர் பக்கத்துச் சேற்றில் நமக்கு உதவும் என்று தெரிந்துகொள்ள விளம்பரத் தாளைவிட ஸ்பேனர் நல்ல வழி.

என்னுடையது 2009 மாடல். மச்சானுடையது (மனைவியின் தம்பி) 2024, ஒருவரிடமிருந்து கைமாற்றி வாங்கியது. இரண்டுமே பந்தய வண்டிகள். நம்பர் பிளேட் கிடையாது, சாலை வரி கிடையாது, பிக்கப்பில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். பத்தாங் காலி பக்கம் செம்பனைத் தோட்டத்துப் பாதைகளிலும், பழைய ஈயச் சுரங்க மணலிலும் ஓடுபவை. இந்த முறை நல்ல மழையில் மாட்டிக்கொண்டு இரண்டும் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டன. சரி, தனித்தனியாகப் பார்ப்பதற்கு இரண்டையும் சேர்த்தே பிரித்துவிடலாம் என்று செந்தூல் வீட்டின் பின்பக்கம் ஸ்டாண்டில் ஏற்றினோம்.

கழுவுவதிலேயே வித்தியாசம் தொடங்கிவிடுகிறது. பழையதில் சைலன்சர் வாயை அடைத்து, சீட்டுக்கு அடியில் நேராகத் தண்ணீர் பாய்ச்சாமல் பார்த்துக்கொண்டால் போதும். புதியது மூச்சு வாங்கும் இடம் முன்னால், மேலே இருக்கிறது. வழக்கமாக பெட்ரோல் டேங்க் இருக்க வேண்டிய இடத்தில் ஏர் பாக்ஸ். அந்த இடத்தில் தண்ணீர்த் துப்பாக்கியைக் காட்டினால் ஃபில்டர் நனைந்துவிடும். "மாமா, பழைய பழக்கத்துல டேங்க் மேல அடிச்சிராதீங்க" என்று மச்சான் மூன்று அடி தள்ளி நின்றே கத்திக்கொண்டிருந்தான். இரண்டுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. வீல் ஆக்சில், ஸ்விங்கார்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) முனை, ஸ்டியரிங் தலை, இந்த மூன்று இடத்திலும் அழுத்தத் தண்ணீர் அடிக்கக் கூடாது. சேற்றைக் கையால், பிரஷ்ஷால், பொறுமையாகத்தான் எடுக்க வேண்டும். நம் செம்மண் காய்ந்தால் சிமெண்டு மாதிரி. ஈரம் இருக்கும்போதே வேலையை முடித்துவிடுவது நல்லது.

முதலில் ஏர் ஃபில்டர். இந்தப் பதிவில் அதிகம் சொல்லப்போவதும் அதைப் பற்றித்தான்.

2009இல் சீட்டின் இரண்டு போல்ட்டைக் கழற்றி, சீட்டைப் பின்னால் இழுத்து எடுத்தால் ஃபில்டர் தெரியும். பின் சக்கரத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் சுவர் மட்டும்தான். அந்தக் காலத்தில் பெரும்பாலான வண்டிகள் இப்படித்தான்: சிலிண்டருக்குப் பின்னால் கார்புரேட்டர், அதற்குப் பின்னால் சீட்டுக்கு அடியில் ஏர் பாக்ஸ், சைலன்சர் குழாய் முன்னால் கிளம்பிச் சுற்றி வரும். பின் சக்கரம் வாரி இறைக்கும் மண்ணுக்குப் பக்கத்திலேயே மூக்கை வைத்த அமைப்பு. 2010இல் 250இன் பெரிய அண்ணனான ஒய்இசட்450எஃப்பில் யமஹா இதைத் தலைகீழாகத் திருப்பியது. காற்று முன்பக்கத்திலிருந்து சிலிண்டர் தலைக்குள் இறங்கும், புகை பின்பக்கம் வெளியேறும். 250க்கு இந்த அமைப்பு 2014இல் வந்தது, பெட்ரோல் இன்ஜெக்‌ஷனோடு சேர்ந்து. காற்றுப் பாதை நேராகிறது, பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில் வண்டியின் நடுவுக்கு வருகிறது, எடை ஒரே இடத்தில் சேர்கிறது என்றெல்லாம் அதற்குக் காரணம் சொன்னார்கள். எல்லாம் சரிதான். ஆனால் தோட்டத்துப் பாதையில் ஓட்டுபவனுக்கு முதல் லாபம் வேறு: மூக்கு சேற்றைவிட்டு மேலே போய்விட்டது.

இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஃபில்டரை எடுத்த பிறகு, அது உட்கார்ந்திருந்த விளிம்புக்கு உட்பக்கம், இன்ஜினை நோக்கிப் போகும் ரப்பர் குழாயின் உள்சுவரை வெள்ளைத் துணியால் ஒரு சுற்றுத் துடைக்க வேண்டும். துணி வெள்ளையாகவே வந்தால் ஃபில்டர் வேலை செய்திருக்கிறது. என் 2009இல் துடைத்த துணியில் விரல் அகலத்துக்குச் செங்கல் நிறக் கோடு. பதினைந்து வருடத்துக்கும் மேலான ரப்பர், விளிம்பு கொஞ்சம் இறுகி வளைந்துபோயிருக்கிறது. அந்த இடைவெளி வழியாகத்தான் நுண்மணல் உள்ளே போயிருக்கிறது. 2024இல் துடைத்த துணியில் ஃபில்டர் எண்ணெயின் லேசான நீலம் மட்டும்.

புதியதில் ஃபில்டரை எடுக்க ஸ்பேனரே வேண்டாம். 2023இல் 450க்கும் 2024இல் 250க்கும் வந்த புது உடலமைப்பில் மேல் மூடியைக் கையாலேயே திறந்து ஃபில்டரை வெளியே எடுக்கலாம். கேட்கச் சின்ன விஷயம். ஆனால் சனிக்கிழமை ஓட்டிவிட்டு, களைத்துப்போய், ஞாயிறு காலை மறுபடி கிளம்பும்போது ஃபில்டரை மாற்றுவதும் மாற்றாமல் விடுவதும் இந்த மாதிரி விஷயத்தில்தான் தீர்மானமாகிறது. சீட்டைக் கழற்ற வேண்டும் என்றால் "பரவாயில்லை, இன்னொரு நாள் தாங்கும்" என்று தோன்றிவிடும். இன்ஜின் ஆயுளைக் கூட்டிய மாற்றம் என்று கேட்டால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஃபில்டர் கழுவும் முறை பழையதற்கும் புதியதற்கும் ஒன்றே. பெட்ரோலில் நனைக்காதீர்கள், ஸ்பாஞ்சின் ஒட்டு விட்டுப்போகும். மண்ணெண்ணெயிலோ அதற்கென்று விற்கும் கரைசலிலோ அமுக்கி அமுக்கி எடுத்து, பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். முறுக்கிப் பிழியக் கூடாது. நம் ஊர் ஈரத்தில் காய ஒரு இரவு பிடிக்கும்; மின்விசிறிக்கு முன்னால் தொங்கவிடலாம். அரைகுறை ஈரத்தில் எண்ணெய் தடவினால் எண்ணெய் பிடிக்காத திட்டுகள் நிற்கும், தூசி அந்தத் திட்டு வழியாகத்தான் போகும். காய்ந்த பிறகு எண்ணெயைக் கையால் பிசைந்து எல்லாப் பக்கமும் நிறம் ஒரே மாதிரி வரும்வரை தடவி, விளிம்பில் கிரீஸ் பூசி உட்கார வைக்க வேண்டும். மாற்று ஃபில்டர் ஒன்றைத் தயாராகப் பையில் கட்டி வைத்திருப்பது நல்ல பழக்கம்.

அந்தச் செங்கல் நிறக் கோடு எங்கே போய் முடிகிறது என்று பார்க்கத்தான் அடுத்து வால்வைத் திறந்தோம்.

2009 இன்ஜினில் வால்வு ஐந்து. மூன்று உள்ளே விட, இரண்டு வெளியே விட. யமஹா இந்த ஐந்து வால்வு யோசனையை 1985இல் எஃப்இசட்750 சாலை வண்டியில் கொண்டுவந்து, பிறகு பந்தயச் சேற்று வண்டிவரை இழுத்து வந்தது. எல்லாம் டைட்டானியம். எடை குறைவு, அதனால் உச்ச வேகத்தில் ஸ்பிரிங்குக்குக் கட்டுப்பட்டு நடக்கும். ஆனால் டைட்டானிய வால்வின் முகத்தில் இருக்கும் கடினப் பூச்சு மெல்லியது. காற்றோடு நுண்மணல் உள்ளே போனால் அது முதலில் தேய்ப்பது உள்ளிழுக்கும் வால்வின் முகத்தைத்தான். முகம் தேய்ந்தால் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும், அதை அமுக்கித் திறக்கும் கேமுக்கும் அதற்கும் நடுவில் விட்டிருக்கும் இடைவெளி குறையும். இடைவெளி தீர்ந்துபோனால் வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரெஷன் கசியும், சூடான வண்டி உதைக்குக் கிளம்பாது. ஃபில்டரில் தொடங்கும் கதை கிக்கரில் வந்து முடிகிறது.

டேங்க்கை எடுத்து, தலை மூடியைக் கழற்றினால் கேம் தெரிந்துவிடும். கிராங்கைக் கையால் சுற்றி, ஃபிளைவீல் கோட்டைப் பொருத்தி, கம்ப்ரெஷன் மேட்டில் நிறுத்திக்கொண்டு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்க வேண்டும். கையேடு உள்வால்வுக்கு 0.10 முதல் 0.15 மி.மீ. வரை அனுமதிக்கிறது, வெளிவால்வுக்கு 0.17 முதல் 0.22 வரை. வெளிவால்வு இரண்டும் எல்லைக்குள். உள்வால்வில் இடமும் வலமும் 0.10, அதாவது கடைசி எல்லையில். நடுவால்வில் 0.10 தகடு போகவே இல்லை, 0.08 இறுக்கமாகப் போனது. அந்த இறுக்கத்தை எழுத்தில் சொல்வது கடினம். தகட்டை இழுக்கும்போது விரலுக்கு ஒரு எண்ணெய்ப் பிசுக்குத் தெரிய வேண்டும், பல்லைக் கடித்து இழுக்கும்படி இருக்கக் கூடாது.

கேமைத் தூக்கும் முன் செயின் குழிக்குள் சுத்தமான துணியை அடைத்துவிடுங்கள். கேம் அமுக்கும் சின்னக் கிண்ணமான பக்கெட்டுக்கு அடியில் இருக்கும் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் தகடு) சட்டை பட்டன் அளவுதான். காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வந்து, வெளிச்சத்துக்கு வந்ததும் கழன்று விழும். குழிக்குள் விழுந்தால் அன்றைய மாலை அவ்வளவுதான். நடுவால்வில் இருந்த ஷிம் 1.75. ஷிம்கள் 0.05 இடைவெளியில் கிடைக்கின்றன. 1.70 போட்டால் 0.08 என்பது 0.13 ஆகும், எல்லைக்குள் வரும். ஓர வால்வுகள் இரண்டுக்கும் ஒரு படி மெல்லிய ஷிம் போட்டால் 0.15க்குப் போகும், அது மேல் எல்லை, ஆனால் இனிமேல் குறையத்தானே போகிறது, அதனால் போட்டேன். கேம் மூடி போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் மட்டும், குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு மூன்று சுற்றில். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். மக்னீசிய, அலுமினிய உறுப்புகள் ஒரு தடவைதான் மன்னிக்கும்.

டைட்டானிய வால்வின் இடைவெளி ஒரு முறை குறைய ஆரம்பித்துவிட்டால் பிறகு வேகமாகக் குறையும். ஷிம் மாற்றி ஒரு தடவை சமாளிக்கலாம், இரண்டாம் தடவை வால்வையே மாற்ற வேண்டும். அதனால் அளவுகளைத் தேதியோடு ஓர் அட்டையில் எழுதி ஏர் பாக்ஸ் மூடியின் உட்புறம் ஒட்டிவைத்திருக்கிறேன்.

2024இல் நான்கு வால்வு. ஐந்தாவதை 2014இலேயே எடுத்துவிட்டார்கள். இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: வால்வைப் பார்க்கப் பழையதைவிட அதிகம் கழற்ற வேண்டியிருக்கிறது. சீட், பக்கவாட்டு பிளாஸ்டிக், ஏர் பாக்ஸ், அதன் கீழே திராட்டில் பாடி, நடுவில் வயர்கள். பெட்ரோல் குழாயில் பம்ப் அழுத்தம் தங்கியிருக்கும். துணியைச் சுற்றிக்கொண்டு மெதுவாகக் கழற்ற வேண்டும், சிகரெட் பிடிக்கும் நண்பர்களை அந்த நேரம் முன்வாசலுக்கு அனுப்பிவிட வேண்டும். எடுத்து வைக்கும் ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே போனோம், வயர் எந்தப் பக்கமாகப் போனது என்பது மறந்துவிடும். இவ்வளவும் செய்து அளந்தால் நான்கு வால்வும் கையேட்டு எல்லைக்கு நடுவில், நகரவே இல்லை. வெள்ளைத் துணி முன்பே சொன்ன பதில்தான். துணி சுத்தமாக வந்தால் புதியதில் வால்வுக்கு இவ்வளவு அடிக்கடி இறங்க வேண்டியதில்லை என்று இப்போது தைரியமாகச் சொல்வேன்.

கம்ப்ரெஷன் விகிதம் பழையதில் 12.5, புதியதில் 13.8. அதே சிலிண்டரில் கூடுதல் அழுத்தம். அதனால் புதியதில் ரோன் 97 பெட்ரோல்தான் ஊற்றுகிறோம். மானியம் இல்லாத எண்ணெய், மச்சான் முகம் சுளிக்கத்தான் செய்கிறான்.

கிளப்பும் விஷயத்துக்கு வருகிறேன். நான்கு ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் என்பதே 1997இல் அமெரிக்க வீரர் டக் ஹென்றி லாஸ் வேகாஸ் சூப்பர்கிராஸில் (அரங்கத்துக்குள் நடக்கும் மோட்டோகிராஸ்) யமஹாவின் 400 சோதனை வண்டியில் ஜெயித்த பிறகுதான் உலகம் நம்பிய விஷயம். அடுத்த வருடம் ஒய்இசட்400எஃப் கடைக்கு வந்தது. அன்று தொடங்கிய தலைவலி, சூடான நான்கு ஸ்ட்ரோக்கை மறுபடி உதைத்துக் கிளப்புவது. என் 2009இலும் அந்தச் சடங்கு உண்டு. விழுந்து வண்டி அணைந்தால் முதலில் நியூட்ரல் தேட வேண்டும். ஹேண்டலில் இருக்கும் ஹாட் ஸ்டார்ட் நெம்புகோலை இழுத்துப் பிடிக்க வேண்டும், அது கார்புரேட்டருக்குக் கூடுதல் காற்றைத் திறந்துவிடும். ஆக்சிலரேட்டரைத் தொடவே கூடாது. தொட்டால் கார்புரேட்டரின் பம்ப் ஒரு பீச்சு பெட்ரோல் உள்ளே அடிக்கும், பிளக் நனையும். பிறகு கிக்கரை மேலிருந்து கீழ்வரை முழுசாக உதைக்க வேண்டும். இதெல்லாம் சமதளத்தில். செம்பனை மேட்டில், ஒரு கால் சேற்றில் வழுக்க, 33 டிகிரி வெயிலில், முதுகில் தண்ணீர்ப் பையோடு என்றால் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

2019இல் ஒய்இசட்250எஃப்புக்கு எலக்ட்ரிக் ஸ்டார்ட் வந்தது. கியரில் இருக்கும்போதே கிளட்ச்சைப் பிடித்து பட்டனை அமுக்கினால் போதும். பந்தயத்தில் நேரம் மிச்சம் என்பார்கள். நமக்கு மிச்சமாவது உயிர். பேட்டரி லித்தியம். லித்தியத்தின் பலவீனம் குளிர், அந்தப் பிரச்சினை கோலாலம்பூரில் கிடையாது. ஆனால் வண்டியை மாதக்கணக்கில் சும்மா நிறுத்தினால் வோல்ட் இறங்கும், சாதாரண சார்ஜரை மாட்டக் கூடாது, லித்தியத்துக்கென்று இருப்பதைத்தான் வாங்க வேண்டும். ஜாலான் பாசார் கடைகளில் வோல்ட் மீட்டர் வாங்கப் போனபோது அதையும் சேர்த்து வாங்கிவந்தோம்.

இன்ஜெக்‌ஷன் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. மோட்டோகிராஸில் ஜப்பான் கம்பெனிகளில் அதை முதலில் கடைக்குக் கொண்டுவந்தது 2008 சுசுகி ஆர்எம்-இசட்450. அடுத்த வருடம் ஹோண்டா சிஆர்எஃப்450ஆர். இன்று எல்லோரிடமும் உண்டு. கார்புரேட்டரில் ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) மாற்றத் தெரிந்தவன் என்ற என் பெருமை போனது, அவ்வளவுதான். ஒரு எச்சரிக்கை மட்டும்: இன்ஜெக்டர் கார்புரேட்டரைவிட அழுக்குக்குப் பயப்படும். தோட்டத்துக்குக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் கேனின் அடியில் வண்டல் இருந்தால் 2009 அதை விழுங்கிவிட்டு ஓடும், 2024 ஓடாது. புனலில் நுண்வலை வைத்து ஊற்றுங்கள்.

அப்புறம் முன் ஃபோர்க். இரண்டிலும் கேஒய்பி கம்பெனியுடையது, இரண்டிலும் 48 மி.மீ. குழாய், இரண்டிலும் இரும்புச் சுருள் ஸ்பிரிங். இந்த ஃபோர்க்கை யமஹா 2006இல் கொண்டுவந்தது, அலுமினிய ஃப்ரேம் வந்த அதே வருடம். நடுவில் 2013 வாக்கில் மற்றவர்கள் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுக் காற்றை அடைத்து எடை குறைத்தார்கள். ஹோண்டா 450ஆர் 2017இல் சுருளுக்கே திரும்பியது, கவாசாகி 450 2019இல் திரும்பியது, கேடிஎம் மோட்டோகிராஸ் ரகங்கள் இன்றும் காற்றில். காற்று சூடானால் அழுத்தம் ஏறும். காலையில் அளந்து வைத்தது மதியத்துக்குள் வேறாகிவிடும் நம் ஊரில் எனக்குச் சுருள்தான் பிடித்திருக்கிறது. புது வண்டியில் மாறியது உள்ளே இருக்கும் வால்வு அமைப்பும், மேலே கையால் திருப்பும் குமிழும். முன்பு ஸ்க்ரூடிரைவர் கேட்ட கம்ப்ரெஷன் (ஃபோர்க் அமுங்கும் இறுக்கம்) கிளிக்கை இப்போது கையுறையோடே திருப்பலாம். மழை பிடித்ததும் இரண்டு கிளிக் இளக்கிவிட்டு ஓட்டலாம், இதைக்கூட வண்டியை விட்டு இறங்கி டூல் பையைத் தேட வேண்டும் என்றால் யாரும் செய்வதில்லை.

பழையதில் இடது ஃபோர்க் சீல் கசிந்திருந்தது. உடனே சீல் வாங்க ஓட வேண்டாம். பெரும்பாலும் சீலின் உதட்டுக்குள் காய்ந்த மண் துகள் மாட்டியிருக்கும். தூசி மூடியை இறக்கி, பழைய புகைப்பட ஃபிலிம் துண்டோ அந்தக் கனத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளோ கொக்கி போல வெட்டி, சீலுக்கும் குழாய்க்கும் நடுவில் நுழைத்து ஒரு முழுச் சுற்று இழுத்தால் துகள் வெளியே வரும். என்னுடையது அதிலேயே நின்றுவிட்டது. நிற்காவிட்டால்தான் ஃபோர்க்கைப் பிரிக்க வேண்டும்.

பின்பக்க லிங்கேஜில் மாடல் வருடம் எதுவும் உதவுவதில்லை. ஷாக் அப்சார்பருக்கும் ஸ்விங்கார்முக்கும் நடுவில் நின்று முதலில் இளகவும் பிறகு இறுகவும் வைக்கும் இந்த நெம்புகோல் அமைப்பு 1980களின் தொடக்கத்தில் எல்லா ஜப்பான் கம்பெனிகளும் கொண்டுவந்தது. இன்றும் வண்டியின் அடியில், சேற்றுக்கு நேர் எதிரே, ஊசி பேரிங்குகளின் மேல்தான் அது நிற்கிறது. 2009இல் ஒரு போல்ட் வெளியே வர மறுத்தது. ஊடுருவும் எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி விட்டுவைத்து, மரக்கட்டை வைத்துத் தட்டி எடுத்தோம். உள்ளே ஊசிகள் பழுப்பேறி, இரண்டு மூன்று உடைந்தே போயிருந்தன. 2024இல் ஊசிகள் பளபளப்பாக இருந்தன, ஆனால் சீல் ஓரத்தில் கிரீஸ் தண்ணீரோடு கலந்து காப்பிப்பால் நிறத்துக்கு வந்துவிட்டிருந்தது. இன்னும் ஒரு மழைக்காலம் அப்படியே விட்டிருந்தால் பழையதின் கதிதான். மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, தண்ணீருக்குக் கரையாத கடல் கிரீஸை ஊசிகளுக்கு நடுவில் விரலால் அழுத்தி நிரப்பினோம். நிரம்பி வழியட்டும், வழிந்த கிரீஸ்தான் முதல் சீல். கேடிஎம்மின் எண்டுரோ (காட்டுப் பாதைப் பந்தய) ரகங்களில் லிங்கேஜே வைக்காமல் ஷாக்கை நேராக ஸ்விங்கார்மில் பூட்டுகிறார்கள். குதித்துக் குதித்து ஓடும் தடத்தில் லிங்கேஜ்தான் மேல் என்று ஓட்டுபவர்கள் வாதாடுவார்கள். ஸ்பேனர் பிடிப்பவனாக எனக்கு அந்த எளிமை மேல் பொறாமைதான்.

கிளட்ச் விஷயத்தில் 2024 ஒய்இசட்250எஃப் இன்னும் கேபிள். கேடிஎம் வண்டிகளில் ஹைட்ராலிக் கிளட்ச் பல வருடப் பழக்கம். கவாசாகி 450க்கு 2019இல், ஹோண்டா 450க்கு 2021இல் வந்தது. 2026 ஒய்இசட்450எஃப்பில் யமஹாவும் அந்தப் பக்கம் வந்துவிட்டது. சேற்று மேட்டில் கிளட்ச்சை அரைகுறையாகப் பிடித்தே ஏறும்போது பிளேட்டுகள் சூடாகி விரிந்து, கேபிள் வண்டியில் நெம்புகோலின் பிடி இடம் நகர்ந்துகொண்டே போகும். ஹைட்ராலிக் அதைத் தானாகவே ஈடுகட்டும். எனக்கு ஹைட்ராலிக்தான் பிடிக்கும், ஆனால் கேபிளுக்கு ஒரு நியாயம் இருக்கிறது: தோட்டத்து நடுவில் அறுந்தாலும் பையில் இருக்கும் இன்னொன்றை மாட்டிக்கொண்டு வீடு வரலாம். இரண்டு வண்டியின் கேபிளையும் கழற்றி மேல் முனையை உயரே கட்டித் தொங்கவிட்டு மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். கீழ் முனையில் முதலில் கறுப்பாக, பிறகு சிவப்பாக, கடைசியில் தெளிவாக வரும்வரை விட வேண்டும்.

முன் பிரேக் டிஸ்க் 250 மி.மீ.யிலிருந்து 270க்குப் போயிருக்கிறது. ஓட்டினால் தெரியும், பிரித்தால் சொல்ல ஒன்றுமில்லை. ஃப்ரேம்கூட அப்படித்தான்: முன்பு விறைப்பைக் கூட்டிக்கொண்டே போனவர்கள் இப்போது எங்கே வளைய வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். 2023 கேடிஎம்மில் ஷாக்கின் மேல் முனையை முக்கியக் குழாயிலிருந்து பிரித்து வைத்ததும் அந்தக் கணக்குதான். ஸ்பேனரால் அதை அளக்க முடியாது. கையேட்டில் சொன்ன டார்க்கில் இன்ஜின் மவுண்ட் போல்ட்டுகளை இறுக்குவது மட்டும் நம் வேலை. அதை ஏனோதானோ என்று இறுக்கினால் அவர்கள் போட்ட கணக்கு வீண்.

கடைசியாகக் கைப்பேசி. 2024 வண்டியே ஒரு வைஃபை வலையைப் பரப்பும், யமஹா செயலி அதோடு சேர்ந்துகொள்ளும். பெட்ரோல் அளவையும் தீப்பொறி நேரத்தையும் கட்டம் கட்டமாக மாற்றலாம், அல்லது மென்மையிலிருந்து முரட்டுத்தனம்வரை ஒரு கோட்டை நகர்த்திவிட்டு விட்டுவிடலாம். எனக்கு முதலில் இது விளையாட்டுச் சாமானாகத்தான் தெரிந்தது. ஆனால் ஈரச் செம்மண்ணில் கலவையைக் கொஞ்சம் கூட்டி, தீப்பொறியைக் கொஞ்சம் தாமதப்படுத்தியபோது பின் சக்கரம் சுழன்று தோண்டுவது குறைந்து, மேட்டில் வண்டி ஏறியது. பழையதில் இதே குணத்தைக் கொண்டுவர ஜெட், ஊசி, கனமான ஃபிளைவீல் என்று காசைக் கொட்ட வேண்டியிருந்திருக்கும். ஹேண்டல் பட்டனில் இப்படிச் சேமித்த ஓர் அமைப்பை மழைக்கென்றே ஒதுக்கி வைத்துவிட்டோம், இன்னொன்று காய்ந்த மணலுக்கு.

பழைய மோட்டோகிராஸ் வண்டி வாங்க விரும்புகிறவர்கள் என்னிடம் எந்த வருடம் பார்க்கலாம் என்று கேட்பதுண்டு. யமஹா 250 என்றால் 2014க்கு முந்தியது கையில் வேலை தெரிந்தவர்களுக்கு, உதிரிபாகங்களைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும். 2014 முதல் 2018 வரை மூக்கு மேலே, ஆனால் காலால் உதைக்க வேண்டும். விலை இறங்கியிருக்கும், தாராளமாக எடுக்கலாம். பட்டன் வேண்டும் என்றால் 2019க்குப் பிறகு. எந்த வருடமானாலும் விலை பேசும் முன் விற்பவரிடம் ஃபில்டரை எடுக்கச் சொல்லுங்கள், பையில் ஒரு வெள்ளைத் துணி கொண்டுபோங்கள். வண்டியைச் சூடாக்கி, அணைத்து, உடனே மறுபடி கிளப்பச் சொல்லுங்கள். பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், லிங்கேஜில் "டக்" என்று கேட்டால் அந்தப் பேரிங் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். என் 2009க்கு அந்தச் செட் சொல்லியாகிவிட்டது. அது வந்து சேரும்வரை மச்சானின் வண்டியை வாரம் மாற்றி வாரம் ஓட்டுவதாகப் பேசியிருக்கிறோம். 97 எண்ணெய்ச் செலவு என்னுடையது.